‘ஒள்ளுப்பம்’ என்னும் கால அளவை: கதிர்காம நடை பற்றிய ஓர் ஆய்வு

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் விடியப்புறம் பஸ் ஏறி, பொத்துவில், மொனராகலை, புத்தல என்று மாறி மாறிப் போனால் பொழுது சாயுமுன் கதிர்காமத்தில் இறங்கிவிடலாம். அதே சந்தியிலிருந்து நடந்துபோன எங்கள் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. பஸ்ஸுக்குச் சில்லு இருக்கிறது, மனிசருக்குக் கால்தானே என்று சாதாரண ஆள் இதை விட்டுவிடுவார். ஆய்வாளன் விடக்கூடாது.

1892இல் ஸ்கொட்லாந்தில் வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு விதி சொன்னார். மூன்று மைல் நடக்க ஒரு மணித்தியாலம். அதற்கு மேல், ஏறுகிற ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். மலைநடைக்காரர் இன்றைக்கும் இந்தக் கணக்கை வைத்துத்தான் புறப்படுகிறார்கள். மைலை நாங்கள் கட்டை என்போம். கரையோரமாக உகந்தை போய், அங்கிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் சேர ஒரு 120 கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றால் பிரித்தால் நாற்பது மணித்தியாலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் நடந்தால் ஐந்தே நாள். ஏற்றத்துக்கென்று எதையும் கூட்ட வேண்டியதில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு தார் றோட்டு என்று கிடக்கும் எருவில் பற்றில் ஏறுவதற்குத் தென்னையைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பன்னிரண்டில் ஐந்து போக ஏழு. அந்த ஏழு நாளும் எங்கே செலவாயின என்பதே இந்த ஆய்வின் வினா.

முன்னோர் இதுபற்றி என்ன சொன்னார்கள் என்று பார்ப்பது ஆய்வு மரபு. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கதிர்காமத்தைத் திருப்புகழில் பாடினார். வழியில் எத்தனை இடத்தில் இருந்தார் என்று சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அரசு வாந்திபேதிக்குப் பயந்து யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தியது. ஆட்களை எண்ணியதே தவிர நாட்களை எண்ணவில்லை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃபுக்குக் கதிர்காமத் திருவிழாவை மேற்பார்வை பார்ப்பதும் உத்தியோகத்தில் ஒரு பகுதி. நாட்குறிப்பு எழுதினார், பிறகு காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவலும் எழுதினார். ஆனால் அவர் இருந்தது முடிவிடத்தில். வந்து சேர்ந்தவர்களைக் கண்டார். வராமல் வழியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களைக் காணவில்லை. இடைவெளி இங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம், துவாய் ஒன்று, சாரம் இரண்டு ஆகிய ஆய்வுக் கருவிகளோடு பெரியம்மாவின் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். பதினொரு பேர். முன்னால் வேல் பிடித்தபடி ஒரு மூத்த சாமி. யாத்திரையில் எல்லோரும் சாமிதான். பேரும் தொழிலும் சந்தியோடு நின்றுவிடும். பெரியம்மா மட்டும் என்னை மனே என்றே கூப்பிட்டார். அவருடைய மார்ச்சங்கிலியில் முள் எடுப்பதற்கென்று இரண்டு ஊசி தொங்கின. இது அவருக்கு ஒன்பதாவது நடை.

முதல் நாள் இலக்கு கல்முனை. இரவு படுத்தது பெரியகல்லாற்றில்.

இந்த வீழ்ச்சிக்கு முதற்காரணம் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று பேர்பெற்ற அந்த முருகனைக் கும்பிடாமல் பெரிய கதிர்காமத்துக்குப் போவது முறையில்லை என்றார் பெரியம்மா. மண்டூர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கிறது. குருமண்வெளியில் ‘பாதை’ ஏறித்தான் போகவேண்டும். வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. பாதத்தால் போவது பாதயாத்திரை. அதைப் பதாகைகளில் ‘பாதையாத்திரை’ என்று எழுதுவதைப் பிழை என்று இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் திருத்தியிருக்கிறேன். குருமண்வெளித் துறையில் நின்றபோது, எழுதியவர்கள் இந்த ஊர்க்காரராக இருந்தால் அது பிழையில்லை என்று தோன்றியது. பாதையில் இருந்துகொண்டு போவது நடையில் சேருமா என்ற கேள்விக்கு மூத்த சாமி, “மனம் நடந்தாச் சரி” என்று தீர்ப்புச் சொன்னார். போன பாதையிலேயே திரும்பியும் வந்தோம். மிதந்தது கொஞ்ச நேரம், துறையில் காத்திருந்தது அரை நாள்.

இரண்டாவது காரணம்தான் இந்த ஆய்வின் உயிர். ஓந்தாச்சிமடத்துக்கும் கோட்டைக்கல்லாற்றுக்கும் இடையில் ஒரு படலையடியில் நின்ற அம்மா கைகூப்பி, “சாமி, ஒள்ளுப்பம் இருந்திட்டுப் போங்க” என்றார்.

ஒள்ளுப்பம் மட்டக்களப்புச் சொல். கொஞ்சம் என்று பொருள் எழுதிவிட்டு அகராதிக்காரர் படுத்துவிடலாம். களத்தில் நின்றவனுக்கு அது போதாது. ஒள்ளுப்பம் உப்பு என்றால் விரல் நுனி. ஒள்ளுப்பம் காணி என்றால் கால் ஏக்கரும் இருக்கும், மூன்று ஏக்கரும் இருக்கும். காலத்துக்கு வரும்போது அது இன்னும் தளர்ந்துவிடுகிறது. அந்த அம்மாவின் ஒள்ளுப்பத்தில் நடந்தவை: கால் கழுவத் தண்ணீர் வந்தது. பாய் வந்தது. பிளேன்டீ வந்தது. எங்கே ஊர் என்று கேட்டார், சொன்னோம். அப்படியானால் இன்னாரைத் தெரியுமா என்றார், தெரியும். அந்த இன்னார் பெரியம்மாவுக்கு மச்சாள் முறை என்பது தெரியவந்தது. அதன்பிறகு பிளேன்டீ கணக்கில் இல்லை, “மறுகா சாப்பிட்டிட்டு வெயில் தாழப் போகலாம்” என்று ஆனது. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, மோர். கச்சான் காற்று வேப்பமரத்தில் புகுந்து அனல் வீசும் ஆடி மத்தியானத்தில், சாப்பிட்ட பதினொரு சாமிமாரும் என்ன செய்வார்கள்? நான் கடிகாரத்தைப் பார்த்தபடி தூங்கிப்போனேன். ஆகவே முதலாவது ஒள்ளுப்பத்தின் சரியான நீளம் பதிவாகவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் ஒள்ளுப்பத்தைத் தரம் பிரிக்க முடிந்தது. தெரியாத வீட்டு ஒள்ளுப்பம் ஒரு பிளேன்டீ அளவு. ஊரைத் தெரிந்த வீட்டு ஒள்ளுப்பம் ஒரு சாப்பாடு அளவு. உறவு வீட்டு ஒள்ளுப்பம் ஓர் இரவு. இதில் சிக்கல் என்னவென்றால், கிழக்குக் கரையில் அரை மணித்தியாலம் கதைத்தால் எவரும் உறவாகிவிடுவார். முதலாம் தரம் தானாகவே மூன்றாம் தரத்துக்கு ஏறுகிறது. நெய்ஸ்மித் ஏற்றம் என்று சொன்னது இதைத்தான் போலும். கல்முனையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் எங்களை நிற்பாட்டி, ஆளுக்கொரு சோடாப் போத்தலைக் கையில் தந்து, இருக்கச் சொல்லாமல் வழியனுப்பினார். பிரயாண முன்னேற்றத்துக்கு அந்த நாளில் உதவிய ஒரே மனிதர் அவர். பெரியம்மாவோ, “கதைக்கல்லையே மனே, என்ன கவலையோ” என்று அக்கரைப்பற்று வரை அவருக்காக வருந்தினார்.

இவ்விடத்தில் ஒப்பீட்டாய்வு தேவைப்படுகிறது. லண்டனில் இருக்கும் தங்கையின் மகன் அயர்லாந்தில் கெரி மாவட்ட மலைகளில் ஆறு நாள் நடந்துவிட்டு வந்தவன். அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான கரன்டூஹில் அங்கேதான்; 1,038 மீற்றர். எங்கள் பிதுருதலாகலை 2,524 என்று உடனே எழுதினேன். மாமா, அது போட்டியில்லை என்று பதில் போட்டான். காசு கட்டிப் போகும் நடை. வழிகாட்டி ஒருவர், இரவுக்குக் கட்டில், காலைச் சாப்பாடு, கையில் மத்தியானப் பொதி, பைகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வான். எங்களுக்கும் வழிகாட்டி உண்டு, சாப்பாடு உண்டு, பாணமை தாண்டிய மண்றோட்டில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டுபோக யாரோ ஒருவரின் லேண்ட்மாஸ்டரும் உண்டு. பில் மட்டும் இல்லை என்று எழுதினேன். “மாமா, நாங்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோமே” என்றான். அயர்லாந்து வழிகாட்டி தூரத்தைக் கிலோமீற்றரில் சொல்வாராம். எங்கள் மூத்த சாமியிடம் இருந்த ஒரே அளவை, “இந்தா, கிட்டத்தான்.” கோமாரியிலும் கிட்டத்தான். பொத்துவிலிலும் கிட்டத்தான். ஒள்ளுப்பம் காலத்துக்கு என்னவோ, கிட்டத்தான் தூரத்துக்கு அது.

ஆனால் அதே நாட்டில் எங்கள் சாதியைச் சேர்ந்த நடையும் இருக்கிறது. குரோ பட்ரிக் என்ற 764 மீற்றர் மலையில் ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. எங்களுக்கு அது ஆடி. லொக் டேர்க் என்ற ஏரித் தீவில் மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். செருப்பில்லை, முதல் நாள் இரவு நித்திரையில்லை, சாப்பாடு காய்ந்த ரொட்டியும் பால் விடாத தேநீரும். பால் விடாத தேநீர் என்றதை நான் இரண்டு தரம் வாசித்தேன். வெறுங்காலும் பிளேன்டீயும் ஒன்றையொன்று தேடிப் போகின்றன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அவங்களுக்குச் சோறு குடுக்க ஒருத்தரும் இல்லையா?” என்றார்.

ஏழு நாளில் ஐந்தை இப்படி ஒள்ளுப்பங்களிலும் மண்டூர்ப் பாதையிலும் கண்டுபிடித்தாயிற்று. மீதி இரண்டும் உகந்தையில் கிடைத்தன. முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் கரை அது. கல்லோடத்துக்கு நெய்ஸ்மித் விதி பொருந்தாது. அங்கிருந்து காடு. குமண தேசியப் பூங்காவின் வாசல் நடந்து போவோருக்கு, யாத்திரைக்காகக் குறித்த நாட்களில் மட்டுமே திறக்கும். அதற்கு முன் போனவர்கள் அந்தக் கரையில் காத்திருக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து நாற்பது நாளுக்கு மேலாக நடந்து வந்த சாமிமாரும் அங்கே இருந்தார்கள். கறுத்து, மெலிந்து, குதிக்கால் பாளம் பாளமாக வெடித்து. அவர்களுடைய ஒள்ளுப்பங்களைக் கணக்கெடுக்க என் கொப்பியில் தாள் போதாது. 1983க்குப் பிறகு அறுந்துபோன அந்த நீண்ட நடை 1988இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வழியில் நிற்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அவற்றை இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

காட்டில் ஆய்வுக்கு வேலை குறைவு. வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் தண்ணீரை வைத்து அமைந்தவை. பின்னிரவில் எழும்பி நடந்து, வெயில் ஏறுமுன் அடுத்த நிழலுக்குப் போய்விட வேண்டும். மணலில் ஓரடி வைத்தால் அரையடி பின்னால் இழுக்கும். படலை இல்லை, ஆகவே ஒள்ளுப்பமும் இல்லை. கெரி மலையில் வழிமறிப்பது செம்மறியாடு. இங்கே மறிப்பவரைப் பேர் சொல்லக்கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். “பெரியவர் நிற்கிறார்” என்று முன்னாலிருந்து குரல் வந்தால் எல்லோரும் நின்று அரோகரா சொல்ல வேண்டும். பெரியவர் காதை ஆட்டி, யோசித்து, விலகினார். நான் நேரம் பார்க்கவில்லை. கை நடுங்கியது.

பன்னிரண்டாம் நாள் மாணிக்க கங்கையில் முழுகினோம். இத்தனை நாளும் தட்டையாகக் கிடந்த உலகத்தில் கடைசியாக ஒரு மலை வந்தது, கதிரமலை. நெய்ஸ்மித்தின் இரண்டாம் பாதியைச் சோதிக்கும் நேரம் என்று கொப்பியைத் திறந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து, அடிவாரத்தில் நின்ற ஜீப்பைக் காட்டினார். “நடக்கிறத நடந்தாச்சு மனே.” ஆகவே ஏற்றம் பற்றிய தரவு கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பஸ்ஸில்தான். கதிர்காமத்திலிருந்து எங்கள் ஊருக்கு நடந்து திரும்பிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

கொப்பியை மூடுமுன் ஒரு பக்க விளைவையும் சொல்லவேண்டும். நடந்தால் சீனி வருத்தம் குறையும் என்று டொக்டர் சொன்னதும் நான் புறப்பட்டதற்கு ஒரு காரணம். திரும்பி வந்து இரத்தம் சோதித்தபோது, போனதைவிடக் கூடியிருந்தது. டொக்டர் நம்பவில்லை. எத்தனை படலை என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஆடியிலும் பெரியம்மாவின் கூட்டம் புறப்படும், நானும் போவேன். ஓந்தாச்சிமடம் முதல் பொத்துவில் வரை றோட்டோரத்தில் வீடு வைத்திருக்கும் அம்மாமாருக்கு ஒரேயொரு விண்ணப்பம்: பிளேன்டீயில் சீனியை ஒள்ளுப்பம் குறைத்துப் போடுங்கள்.