அடுக்குப்பானையில் அமெரிக்க மிளகு

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காருங்க. காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் ஏறி வந்து நாலு நாள் ஆச்சு, இன்னும் உங்களுக்குத் தலைசுத்தல் நிக்கலையாம். எம் பேத்தி அம்மிணி சொல்லுச்சு. எனக்கென்னமோ அது மலைப்பாதைத் தலைசுத்தல் மாதிரி தெரியல. இங்க விளக்கு வைக்கிற ஏழு மணிக்கு உங்க கனடாவுல பங்குச் சந்தை திறக்குது. அப்போ ஆரம்பிக்குற தலைசுத்தல் அது.

பலாச்சுளை எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க, இதுக்கு ஒட்டாவாவுல கணக்குக் காட்ட வேண்டியதில்ல.

நேத்து போனை எங்கிட்ட நீட்டி, “தாத்தா, பாருங்க, எல்லாம் பச்சையா இருக்கு”ன்னீங்க. பாத்தேன். லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கத்துல முப்பது வருசம் பேரேடு எழுதினவன் நான். எனக்குப் பச்சை சிவப்பெல்லாம் கண்ணுல படாது, எது எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னுதான் பாப்பேன். ராத்திரி பூரா அம்மிணியை உக்காரவச்சு ஒவ்வொண்ணாக் கேட்டேன். பாவம், ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி பாத்த புள்ளைக்கு ஊருக்கு வந்தும் ராத்திரி டூட்டி.

முதல்ல நம்ம காப்பியைப் பாருங்க. அதோ சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, அடியில காப்பிச்செடி. பழமாப் பறிச்சு அப்படியே வித்தா அது வெவசாய வருமானம், மத்திய அரசு வருமான வரி கிடையாது. அதையே நானே தோலுரிச்சு, பதப்படுத்திக் கொட்டையா வித்தா வருமானத்துல 25 சதவீதம் வியாபாரக் கணக்குல போயிடும். வறுத்து அரைச்சுத் தூளா வித்தா 40 சதவீதம். ஒரே செடி, ஒரே பழம். இன்னொண்ணு கேளுங்க. வடகிழக்கு மலைகள்ல இருக்குற பழங்குடி சனத்துக்கு, அந்தப் பகுதிகள்ல சம்பாதிக்குற காசுக்கு வரி இல்லைன்னு வருமான வரிச் சட்டத்துல எழுதியிருக்கு. நாங்களும் பழங்குடிதான், எங்களுதும் மலைதான். ஆனா கொல்லிமலை அந்தப் பட்டியல்ல இல்ல. வரிக்காரன் பண்டத்தைப் பாக்குறதில்ல மாப்ளே, அது எந்த இடத்துல கெடக்குன்னுதான் பாக்குறான்.

உங்ககிட்டயும் பணத்தைப் போட்டு வைக்க மூணு இடம் இருக்குது. வரி கட்டிட்டு வர்ற சம்பளத்துல போட்டு வைக்குற அந்த டி.எஃப்.எஸ்.ஏ., அது உங்க பாட்டியோட அடுக்குப்பானை. எம்புட்டு பெருகினாலும் யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா பானை சின்னது. ஓய்வுக்காலக் கணக்கு ஆர்.ஆர்.எஸ்.பி., அது குதிர் மாதிரி. போடறப்போ வரி குறையும், உள்ளே கெடக்குற வரைக்கும் சீண்ட மாட்டாங்க, அடிவாயைத் திறந்து எடுக்குறப்போ வர்றது பூராவும் சம்பளம் மாதிரி வரிக்கணக்குல ஏறும். மூணாவது சாதாக் கணக்கு. அது களம். காக்காயும் கொத்தும், மழையும் நனைக்கும், வரிக்காரனும் வருசா வருசம் வந்து கூட்டிப் பாப்பான்.

இதுல நீங்க எதை எங்க வச்சிருக்கீங்க? களத்துல வைக்க வேண்டியது குதிர்ல, குதிர்ல வைக்க வேண்டியது பானையில. பானையில போய் அமெரிக்காக்காரன் கம்பெனிப் பங்கு, அதுவும் மூணு மாசத்துக்கொரு தரம் நல்லா ஈவு குடுக்குற பங்கு! வரியே இல்லாத கணக்குன்னு கனடாதான் சொல்லுது, அமெரிக்கா சொல்லலையே. அவன் ஈவை அனுப்புறப்பவே 15 சதவீதம் பிடிச்சுக்குறான். நூறு டாலருக்கு எண்பத்தஞ்சுதான் பானைக்குள்ள விழுது. போன பதினஞ்சு திரும்பி வராது. அதையே களத்துல வச்சிருந்தா, அமெரிக்காவுல கட்டினதைக் கனடாவுல கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். குதிர்ல வச்சிருந்தா பிடிக்கவே மாட்டான். ஓய்வுக்காலக் கணக்கைத் தொடக்கூடாதுன்னு ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்குது. அதுலயும் நீங்களே அமெரிக்கச் சந்தையில நேரா வாங்கியிருக்கணும். டொராண்டோக் கடையில, அமெரிக்கப் பங்கையெல்லாம் கட்டி வச்ச கனடா மூட்டையா வாங்கினா, குதிருக்கு வர்ற வழியிலேயே அந்தப் பதினஞ்சு ஒழுகிப் போயிடும். மூட்டையில இருக்குற ஓட்டை குதிருக்கு வெளியில இல்ல இருக்கு?

ரொம்ப வெசனப்படாதீங்க. ஈவு அரை சதவீதம், வளர்ச்சி அமோகம்னு இருக்குற அமெரிக்கப் பங்கா இருந்தா பானையிலேயே கெடக்கட்டும். அரையில பதினஞ்சு சதவீதம்னா காக்கா கொத்தினதுல சேத்தி.

அடுத்தது பானையில நீங்க போட்ட அந்தக் கஞ்சாக் கம்பெனிப் பங்கு. சிரிக்காதீங்க. இந்த மலையில நாலு செடி வச்சாப் போலீஸ் வேன் செம்மேட்டுல நிக்கும். உங்க ஊருல 2018-லிருந்து அது சட்டப்படி வியாபாரம், பங்குச் சந்தையிலயும் விக்குது. அதுலயும் நட்டப்பட்டு வந்தீங்க பாருங்க, அதுக்குத் தனித் தெறமை வேணும். நட்டம் கூடப் பரவாயில்ல. களத்துல நட்டம் வந்திருந்தா வேற பங்குல வந்த லாபத்துல கழிச்சிருக்கலாம். இந்த வருசம் லாபம் இல்லேன்னாக்கூட முந்தின மூணு வருச லாபத்துல கழிக்கலாம், இல்ல வர்ற வருசங்களுக்கு எடுத்துட்டுப் போலாம். பானைக்குள்ள வந்த நட்டம் பானைக்குள்ளேயே செத்துப் போச்சு. பானை எடமும் போச்சு. அதனாலதான் சொல்றேன், சூதாட்டச் சரக்கைப் பானையில போடறவன் ரெண்டு வாட்டி தோப்பான்.

“அப்போ களத்துல நட்டத்துல கெடக்குறதைத் தூக்கிப் பானையில போட்டுட்டா?”ன்னு வாயைத் திறக்கப் போறீங்க. தெரியும். தூக்கிப் போட்ட அந்த நிமிசமே நீங்க வித்ததாக் கணக்கு. லாபத்துல இருந்தா லாபத்துக்கு வரி உண்டு, நட்டத்துல இருந்தா நட்டம் செல்லாது. வெளிய வித்துட்டு உடனே பானைக்குள்ள வாங்கினாலும் அதே கதைதான். விக்கிறதுக்கு முன்னாடி முப்பது நாளு, பின்னாடி முப்பது நாளு, அதுக்குள்ள நீங்களோ அம்மிணியோ அதே பங்கை வாங்கி வச்சிருந்தா நட்டம்னு எழுத முடியாது. சோளக்காட்டுச் சந்தையில ஆட்டை மச்சினனுக்கு வித்துட்டு, சாயங்காலம் திருப்பி வாங்கி, ‘ஆடு நட்டம்’னு பொண்டாட்டிகிட்ட அழுதவனை எனக்குத் தெரியும். கனடாக்காரனுக்கும் அப்படி ஒருத்தனைத் தெரிஞ்சிருக்கு போல.

கனடா பேங்கு பங்கையெல்லாம் குதிர்ல பூட்டி வச்சிருக்கீங்க. அது களத்துல இருந்திருந்தா ஒரு வேடிக்கை உண்டு. நூறு டாலர் ஈவு வந்தா நூத்து முப்பத்தெட்டு வந்ததா எழுதிக்கணுமாம். அப்புறம் கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிடுச்சுன்னு ஒரு கழிவு குடுப்பாங்களாம். வராத முப்பத்தெட்டை வந்ததா எழுதறது! நான் சங்கத்துல அப்படி ஒரு வரி எழுதியிருந்தா பென்ஷன் வாங்கியிருக்க மாட்டேன். ஆனா கழிவு போக, நடுத்தரச் சம்பளக்காரனுக்கு அந்த ஈவு மேல விழற வரி ரொம்பக் கொஞ்சம். பங்கு வித்த லாபத்துலயும் பாதிக்குத்தான் வரி. 2024 பட்ஜெட்டுல ரெண்டரை லட்சம் டாலருக்கு மேல போற லாபத்துக்கு மூணுல ரெண்டு பங்குன்னு பயமுறுத்தினாங்க, 2025 மார்ச்சுல வேண்டாம்னு விட்டுட்டாங்க. நீங்க அதுக்கு எதுக்குத் தூக்கம் கெட்டீங்கன்னு தெரியல. அந்தத் தொகை உங்களுக்கு வந்தா நானே ஆகாயகங்கையில குளிச்சு அறப்பளீசுவரருக்குப் பொங்கல் வைக்கிறேன்.

இந்தப் பாதி வரியும் கழிவும் குதிருக்குள்ள கிடையாது. உள்ள எதுவா வெளஞ்சிருந்தாலும் வெளிய வர்றப்போ முழுச் சம்பளம்தான். சர்க்கரையைப் போட்டாலும் உப்பைப் போட்டாலும் உப்பாவே வெளிய வர்ற குதிர். அதுக்காகக் குதிரை இடிச்சிராதீங்க. கை நெறையச் சம்பாதிக்கிற வயசுல வரியைத் தள்ளிப்போட்டு, கை ஓஞ்ச வயசுல கொறஞ்ச வரியில எடுக்கலாம்ல, அந்த லாபம் பெருசு. போன வருசச் சம்பாத்தியத்துல 18 சதவீதம் வரைக்கும் போடலாம், 2025-க்கு உச்சம் 32,490 டாலர். எழுபத்தியொண்ணு வயசு முடியற வருசக் கடைசிக்குள்ள குதிரை மூடி மாத்திக்கணும். வட்டி பூராவுக்கும் வரி விழற டெபாசிட்டை அதுக்குள்ள போடுங்க, இப்போ அது களத்துல வெயில்ல காயுது. பேங்குப் பங்கைப் புதுசா வாங்குறதைக் களத்துல வாங்குங்க.

இப்போ முக்கியமான சமாச்சாரம். பானைக்கு அளவு உண்டுன்னு சொன்னேனே, உங்க சிநேகிதர் யாரோ ஒரு லட்சத்து ரெண்டாயிரம் டாலர் வரைக்கும் போடலாம்னாராம். சரிதான். 2009-ல அந்தக் கணக்கு ஆரம்பிச்சப்பவே பதினெட்டு வயசாகி அங்கேயே குடியிருந்தவருக்கு 2025-ல அதுதான் கணக்கு. மாப்ளே, 2009-ல நீங்க துறையூர்ல பத்தாவதுல கணக்குப் பேப்பரைத் தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டிருந்தீங்க. நீங்க அங்க கால் வச்சது 2019-ல. நாலு வருசம் ஆறாயிரம், 2023-ல ஆறாயிரத்து ஐநூறு, அப்புறம் ரெண்டு வருசம் ஏழாயிரம். கூட்டினா 44,500. நீங்க போட்டிருக்கறது அறுபதாயிரம். கூடுதலா இருக்குற 15,500-க்கு மாசம் ஒரு சதவீதம் அபராதம், அதாவது மாசாமாசம் 155 டாலர். அதை முதல்ல வெளிய எடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். பானையிலிருந்து எடுத்த எடம் அடுத்த சனவரி ஒண்ணாந்தேதிதான் திரும்பக் கெடைக்கும், அதுலயும் கூடுதலாப் போட்டு எடுத்ததுக்குப் புது எடம் கிடையாது. ஆடியில எடுத்துட்டு ஆவணியில திரும்பச் செருகாதீங்க.

சாயங்காலம் போன்ல பங்கை வாங்கி வித்துக்கிட்டு இருக்கிற அந்த யாவாரத்தையும் நிறுத்துங்க. வான்கூவர்ல பங்கு ஆலோசனை சொல்றதையே தொழிலா வச்சிருந்த ஒருத்தரு, மூணு வருசத்துல பதினஞ்சாயிரம் டாலர் பானையில போட்டு, வாங்கி வித்து வாங்கி வித்து 2012 கடைசியில ஆறு லட்சத்துப் பதினேழாயிரம் ஆக்கிட்டாரு. கில்லாடி. ‘இது சேமிப்பு இல்ல, யாவாரம், வரி கட்டு’ன்னு 2023-ல கனடா வரிக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிருச்சு. குதிர்ல அதே மாதிரி பண்ணா அந்த வரி வராதாம், அதுக்குச் சட்டத்துலயே விலக்கு எழுதியிருக்கு. பானைக்கு எழுதல. உங்களுக்கு அந்தப் பயம் இல்லைன்னு அம்மிணி சொல்லுது. யாவாரம்னு சொல்ல லாபம் வரணும்ல.

செம்மேட்டுல செலையா நிக்குறாரே வல்வில் ஓரி, ஒரே அம்புல யானை, புலி, மானு, பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சாருன்னு புலவருங்க பாடினாங்க. நீங்களும் ஒரே கணக்குல அஞ்சு வரியைத் துளைக்கப் பாக்குறீங்க. அவர்கிட்ட வில்லு இருந்துச்சு மாப்ளே.

இதுல எனக்கு மனசு கேக்காதது ஒண்ணுதான். எம் கொள்ளுப்பேரனுக்கு மூணு வயசாச்சு. படிப்புக் கணக்குன்னு ஒண்ணு, ஆர்.இ.எஸ்.பி.யாம், வருசம் 2,500 டாலர் போட்டா அரசாங்கம் 500 சும்மாக் குடுக்குது. புள்ளை தலையெடுக்கறதுக்குள்ள 7,200 வரைக்கும் குடுக்குமாம். அதைத் திறக்கவே இல்ல நீங்க. நூத்துக்கு இருபது கையில குடுக்குறவனை வாசல்ல நிக்கவச்சிட்டு, கஞ்சாக்காரனைத் தேடிப் போயிருக்கீங்க. விட்டுப்போன வருசத்தையும் ஒரு வருசத்துக்கு ஒரு வருசமாப் பிடிச்சுக்கலாம். ஊருக்குப் போன மறுநாள் அதைப் பாருங்க.

இந்தியாவுல நீங்க வச்சிருக்கற பங்கு? அதை அப்புறம் பேசுவோம். கனடாவுல கால் வச்ச நாளைக்கு என்ன வெலையோ, அதுதான் அவங்களுக்கு வாங்கின வெலை. அந்த நாள் வெலையை எழுதி வச்சிருக்கீங்களா? இல்லேன்னா இன்னைக்கே தேடி எழுதுங்க. கனடாவுக்கு வெளியில இருக்குற முதலீடு வாங்கின வெலைப்படி ஒரு லட்சம் டாலரைத் தாண்டுனா தனிப் படிவம், விட்டா நாளுக்கு 25 டாலர்.

அப்புறம், உங்க மாமியா நேத்து அடுப்படியில என்கிட்ட எதையோ சுத்தி வளைச்சுச் சொன்னா. மேலக்காட்டு மிளகுத் தோட்டம் ஒண்ணரை ஏக்கரை உங்க பேர்ல எழுதினா நல்லா இருக்கும்னு. எழுதலாம் மாப்ளே, எனக்கென்ன, நான் கட்டிக்கிட்டா போகப் போறேன்? ஆனா உங்க நன்மையையும் பாக்கணும்ல. எம்பேர்ல இருந்தா மிளகு வருமானத்துக்கு இங்க வரி இல்ல. உங்க பேருக்கு வந்தாலும் இந்தியாவுல இல்லதான். ஆனா கனடாவுல குடியிருக்கறவன் ஒலகத்துல எந்த மூலையில சம்பாதிச்சாலும் அங்க கணக்குக் காட்டணும். வெவசாயம்னா விலக்குங்குறது நம்ம ஊருச் சட்டம், அவங்களுக்கு அது தெரியாது. கொல்லிமலை மிளகுக்கு ஒட்டாவாவுல வரி கட்டறதா? வெவசாயி வயிறு எரியாதா? நானே வச்சிருந்து, வித்த காசை அம்மிணிக்கு அன்பளிப்பாக் குடுத்தா அங்க அவளுக்கு ஒத்தைக் காசு வரி கிடையாது. எல்லாம் உங்க வரி மேல இருக்கற அக்கறைதான், வேற ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க.

அப்படியும் எழுதித்தான் ஆகணும்னா எழுதித் தர்றேன். கையெழுத்துப் போடற பேனாவைத்தான் காணோம். தேடிக்கிட்டே இருக்கேன், உங்க கலியாணத்துலருந்து.