பைக்காவலர்: கேளிக்கைப் பூங்காச் சுற்றுலாவில் ஏறாமல் உட்கார்ந்திருப்பவர் குறித்து ஓர் ஆய்வு

கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவது எப்படி என்று அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள், காணும் பொங்கலன்றும் மே மாத ஞாயிறுகளிலும் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள், மாற்றுத்துணி மறக்காதீர்கள் என்பார்கள். இவற்றில் பிழை ஏதுமில்லை. ஆனால் இவை அனைத்தும் குடும்பம் மொத்தமும் சவாரி ஏறும் என்ற, இதுவரை யாரும் மெய்ப்பிக்காத அனுமானத்தின் மேல் நிற்கின்றன. களநிலவரம் வேறு. ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி.யானாலும் மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டரானாலும், ஏதோ ஒரு ராட்டினத்தின் பக்கத்தில் ஏதோ ஒரு பெஞ்சில் ஐந்தாறு பைகள், ஒரு குவியல் செருப்பு, பாதி குடித்த ஜூஸ் பாட்டில், இவற்றுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இக்கட்டுரை அவரைப் பைக்காவலர் என்று குறிக்கும். சுற்றுலா இனிதே முடிவதா, திரும்பும் வழியில் வேனுக்குள் யாரும் யாரோடும் பேசாமல் வருவதா என்பதைத் தீர்மானிப்பவர் அவரே; ஆகவே திட்டமிடலை அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

வரலாற்றுச் சான்றிலிருந்து தொடங்குவோம். வால்ட் டிஸ்னி தம் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவில் குதிரை ராட்டினத்துக்கு அழைத்துப் போவார். பிள்ளைகள் சுற்றுவார்கள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதன் விளைவாக அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு தொழிலதிபரின் கனவாகப் பார்க்கிறார்கள். தரவைக் கூர்ந்து நோக்கினால், சலித்துப்போன ஒரு பைக்காவலரின் கலகம் என்பதே பொருத்தமான விளக்கம். கலகம் தோற்றது என்பதற்கும் சான்று கையிலிருக்கிறது. குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளைச் சில சவாரிகளில் ஏற்ற முடியாது என்பதால், பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு வெளியே நிற்கலாம், மற்றவர் இறங்கியதும் முழு வரிசையிலும் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம் என்று அதே டிஸ்னி நிறுவனம் பிற்காலத்தில் ஓர் ஏற்பாடு செய்தது. பைக்காவலரை ஒழிக்கப் பிறந்த நிறுவனம் அவருக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பதவி ஏன் ஒழியவில்லை என்பதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. பழைய மரச்சட்ட ரோலர் கோஸ்டர்களில் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி ஒருவர் ஒருவாறு சமாளித்திருக்கலாம். 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் சவாரியில் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் வந்தது. அதைக்கொண்டு பாதையை எப்படி வேண்டுமானாலும் வளைக்க முடிந்தது. 1975இல் அதே கலிபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்கா, ஆட்களைத் தலைகீழாகத் திருகும் கார்க்ஸ்குரூ சவாரியைத் திறந்தது. மனிதனைத் தலைகீழாக்கலாம், அவன் சட்டைப்பையைத் தலைகீழாக்கினால் சில்லறை, சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாம் கீழே நிற்பவர் தலையில் விழும். எனவே பைக்காவலர் பதவி முழுநேரப் பணியானது 1975இல் என்று துணிந்து கூறலாம். இன்று எந்தப் பெரிய சவாரியின் வாசலிலும் ஒரு பலகை தொங்குகிறது. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளோர், இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தோர் ஏறக்கூடாது. கைப்பேசி, கண்ணாடி, தொப்பி, செருப்பு கொண்டு ஏறக்கூடாது. எச்சரிக்கை என்று நாம் படித்துவிட்டுப் போகிற இந்தப் பலகை, ஆட்சிமுறை நோக்கில் ஒரு பணி நியமன ஆணை. நீர் விளையாட்டுப் பகுதியில் ஆணை இன்னும் கறாரானது. நைலான் உடை இல்லாமல் பல பூங்காக்களில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். சேலையில் வந்த பெரியம்மா அந்த வாசலை அடையும்போதே பதவி ஏற்றுவிடுகிறார்.

நியமனம் நம் குடும்பங்களில் நடைபெறும் விதம் தனிக் கவனத்துக்குரியது. தேர்தல் கிடையாது, நேர்காணல் கிடையாது. முதல் ராட்டினத்தின் முன்னால் யாராவது ஒருவர், "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது, நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்கிறார். அவர் சொன்னது அந்த ஒரு ராட்டினத்துக்கு மட்டும். குடும்பம் அதை மாலை ஆறு மணி வரை செல்லுபடியாகும் உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறது. இதில்தான் முதல் திட்டமிடல் பிழை பிறக்கிறது. ஒத்துக்காது என்று சொன்னவர் சின்ன ரயிலிலும் படகிலும் ஆசையாக ஏறியிருப்பார், கேட்க ஆளில்லை. பைக்காவலருக்கு வேண்டிய தகுதிகளை முதல் நாள் இரவே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது. எந்தப் பையின் எந்த அறையில் எது இருக்கிறது என்ற நினைவாற்றல், பிறர் குழந்தையையும் அதட்டும் துணிவு, எதிரே விற்கும் மசாலா கடலையைப் பார்த்துப் பையை மறக்காத மனவுறுதி ஆகியவை இன்றியமையாதவை. புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளையை இந்தப் பணியில் அமர்த்துவது சம்பந்தி உறவைப் பாதிக்கும். தாத்தாவை அமர்த்தினால் அவர் பக்கத்துக் குடும்பத்தின் பைகளையும் சேர்த்துக் காத்து, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கலாம் என்று விவரம் திரட்டியிருப்பார். இது குறை என்று கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது இருக்கை. சவாரிகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விவாதிக்கிற குடும்பம், பெஞ்சைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. பெரிய சவாரிகளில் நுழைவாயில் ஓரிடம், வெளிவாசல் வேறிடம். பைக்காவலர் நுழைவாயிலில் அமர்த்தப்பட்டால், இறங்கி வரும் குடும்பம் அவரைத் தேட, அவர் குடும்பத்தைத் தேட, இரு தரப்பும் ஒரே சவாரியை எதிரெதிர்த் திசைகளில் சுற்றும். எனவே வெளிவாசல் கண்ணில் படும் இடமே முறையானது. நிழல் விஷயத்தில் கொஞ்சம் வானியலும் தேவை. காலை பதினொரு மணிக்கு ஒரு சுவரின் மேற்குப் பக்கத்தில் கிடைத்த நிழல், இரண்டு மணிக்கு இருக்காது. சூரியன் மேற்கே சாய்ந்தபின் நிழல் கிழக்குப் பக்கம் போய்விடும். சென்னை வெயிலில் இதைக் கணக்கில் எடுக்காத குடும்பம், மூன்று மணிக்குத் திரும்பி வந்து, வதக்கிய கத்தரிக்காய் போன்ற ஒருவரிடம் "ஏன் இப்படி இருக்கீங்க?" என்று கேட்கும் நிலைக்கு ஆளாகிறது. பிற்பகலுக்குக் கிழக்கு நோக்கிய திண்ணையைக் காலையிலேயே பார்த்து வைக்க வேண்டும். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், ஐஸ்கிரீம் கடை பக்கத்தில் இருக்கக் கூடாது. இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி இவ்வாய்வின் முக்கியமான பகுதி. பைக்காவலரைச் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று கருதுவது அறிவியலுக்குப் பொருந்தாது. வரிசைகளைக் கணிதமாக்கும் துறையை 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்பகத்தின் நெரிசலை ஆராய்ந்த ஏ.கே. எர்லாங் தொடங்கி வைத்தார். 1961இல் ஜான் லிட்டில் ஒரு விதியை நிறுவினார். காத்திருக்கும் ஆட்களின் சராசரி எண்ணிக்கை என்பது, ஆட்கள் வந்து சேரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கிய தொகை. பூங்கா மொழியில் சொன்னால், முன்னால் நிற்பவர்களை ஒரு நிமிடத்தில் இறங்குபவர்களால் வகுத்தால் நமக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துவிடும். 24 பேர் அமரும் ரோலர் கோஸ்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் நிமிடத்துக்கு 12 பேர்; 240 பேர் கொண்ட வரிசை 20 நிமிடத்தில் கரையும். 40 பேர் அமரும் ஆடும் கப்பல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆடினால் நிமிடத்துக்கு 8 பேர்தான். அதே 240 பேருக்கு 30 நிமிடம். வரிசையில் நிற்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே. கப்பலில் ஒரே தடவையில் நிறையப் பேர் ஏறுவதைப் பார்த்து அதுதான் சீக்கிரம் நகரும் என்று ஏமாறுகிறார். வெளிவாசலில் உட்கார்ந்து இறங்குபவர்களை எண்ணக்கூடிய ஒரே ஆள் பைக்காவலர். ஒரு கைக்கடிகாரமும் பழைய சீட்டின் பின்பக்கமும் ஒரு பேனாவும் கொடுத்தால், பூங்கா நிர்வாகத்துக்கு இணையான தரவு அவரிடம் சேர்ந்துவிடும். எதில் எப்போது ஏறுவது என்று கேட்கவேண்டியது அவரிடம். நடைமுறையில் நாம் கேட்பது, "தண்ணி பாட்டில் எங்க?"

அவரது மனநிலையையும் கருத வேண்டும். காத்திருத்தலின் உளவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. வேலையில்லாமல் காத்திருப்பது, எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பது, காரணம் சொல்லப்படாமல் காத்திருப்பது, தனியாகக் காத்திருப்பது ஆகியவை உள்ள நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்பது அதன் சாரம். முடிவில் கிடைக்கப்போவது பெரிதென்றால் மக்கள் பொறுமையாக நீண்ட நேரம் நிற்பார்கள் என்றும் அதில் உண்டு. வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அரட்டைத் துணை உண்டு, முடிவில் சவாரியும் உண்டு. பைக்காவலருக்கு அத்தனை பாதகங்களும் ஒருசேர வாய்க்கின்றன, முடிவில் கிடைப்பது ஈரத்துணிப் பை. வி.ஜி.பி. பூங்காவின் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரை ஊரே வியந்து பார்க்கிறது. அவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு. நம் வீட்டு அத்தை முழுச்சீட்டுக்குக் காசு கொடுத்து உள்ளே வந்து அதே வேலையைச் செய்கிறார்.

இக்கருதுகோளுக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். வாடகைக்கு லாக்கர் இருக்கும்போது பைக்காவலர் எதற்கு என்பது முதலாவது. லாக்கர் பெரும்பாலும் உடைமாற்றும் அறைப் பக்கத்தில் இருக்கும். தேவை எழுவது பூங்காவின் மறுகோடியில். மேலும் லாக்கர் தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளாது, பாட்டிக்கு இரண்டு மணி மாத்திரையை நினைவூட்டாது. துணியையும் பணத்தையும் லாக்கரில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அதனால் பைக்காவலரின் சுமை குறையுமே தவிர பதவி காலியாகாது. பையே கொண்டுபோகாமல் இருக்கலாமே என்பது இரண்டாவது. இதைச் சொல்பவர்கள் குழந்தை இல்லாதவர்கள், அல்லது குழந்தையின் பொருட்களை மனைவி எடுத்து வைப்பதைக் கவனிக்காதவர்கள். மூன்றாவது மறுப்புதான் வலுவானதாகத் தோன்றும்: கைப்பேசிக் காலத்தில் யார் எங்கே உட்கார்ந்தால் என்ன, ஒரு அழைப்பில் கண்டுபிடித்துவிடலாம். தோற்றம்தான் வலுவானது. தண்ணீரில் இறங்கிய ஏழு பேரின் ஏழு கைப்பேசிகளும் எங்கே இருக்கின்றன? பைக்குள். யாரைத் தேடுகிறோமோ அவரிடமே தேடும் கருவியும் இருக்கிறது. குழந்தைக் குளத்தில் நிற்கும் சித்தி அலைக்குளத்தில் நிற்கும் சித்தப்பாவை யாருடைய கைப்பேசியையோ கடன் வாங்கி அழைத்தால், பெஞ்சின் மேல் ஒரு பை பாட்டுப் பாடும். ஏழில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் நின்றுவிடும். எனவே 'மணி இரண்டடித்தால் இந்த மரத்தடி' என்ற பழைய முறைக்கு இன்றும் மாற்று இல்லை.

முறை வைத்து மாறி மாறி உட்காரலாமே என்ற நான்காவது வாதத்தில் நியாயம் இருக்கிறது; இக்கட்டுரை அதைப் பாதி ஏற்கிறது. மணிக்கு ஒருவர் மாறினால் ஒவ்வொருவரும் பைகளை ஒருமுறை கலைத்து அடுக்குவார்கள், நாலாவது ஆளுக்குக் காலுறை டிபன் டப்பாவுக்குள் இருக்கும். அதனால் இருவர் போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருவர், பின் ஒருவர். காலை வேளையில் உலர்ந்த சவாரிகளையும் பிற்பகலில் நீர் விளையாட்டுகளையும் வைத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை இயல்பாகப் பொருந்தும். நனைந்தவர் மீண்டும் ரோலர் கோஸ்டருக்கு ஓட மாட்டார். உயரத்துக்கு அஞ்சுபவர் காலையில் காக்கட்டும், தண்ணீரில் இறங்க விரும்பாதவர் பிற்பகலில் காக்கட்டும். வெளி உணவைப் பல பூங்காக்கள் உள்ளே விடாததால், புளிசாதக் காவல் என்ற கூடுதல் பொறுப்பு இப்போது இல்லை.

கடைசியாகப் பொருளாதாரம். டிஸ்னிலேண்டில் தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் தனி, சவாரிச் சீட்டு தனி. ஏறாதவர் ஏறாத சவாரிக்குப் பணம் கட்டவில்லை. 1982இல் அந்தச் சீட்டுப் புத்தகம் ஒழிந்து, ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்ற முறை நிலைத்தது. நம்மூர்ப் பெரிய பூங்காக்களிலும் இன்று இதுவே வழக்கம். இதனால் பூங்காவின் இயந்திரங்களுக்கு எந்தத் தேய்மானமும் ஏற்படுத்தாத ஒருவர், ஏழு முறை ரோலர் கோஸ்டர் ஏறிய அண்ணன் மகனுக்கு ஈடாகக் கட்டணம் செலுத்துகிறார். உயரத்தை அளந்து குழந்தைக் கட்டணம் நிர்ணயிக்கத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, ஏறாதவர் கையில் வேறு நிறத்தில் ஒரு பட்டை கட்டி அரைக் கட்டணம் வாங்குவது பெரிய காரியமல்ல. அவ்வாறு செய்யுமாறும், ஒவ்வொரு வெளிவாசலிலும் கிழக்கு நோக்கிக் கூரையும் மின்விசிறியும் கொண்ட ஒரு திண்ணை அமைக்குமாறும், கைப்பேசி சார்ஜ் போட ஏழு துளைகளாவது அங்கே வைக்குமாறும் பூங்கா நிர்வாகங்களை இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது.