தலவிலக் கதவுகளின் கிறீச்சொலி: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது தலவில. முன்னால் கடல், முதுகுப் புறத்தில் புத்தளம் களப்பு. இவ்வூர்க் கதவுகள் ஏன் இப்படிக் கிறீச்சிடுகின்றன, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டவன் முகத்தில் ஏன் அப்படியொரு வெளிச்சம் வருகிறது என்னும் இரண்டு வினாக்களையும் அறிஞர் உலகம் இதுவரை தொட்டதில்லை. அச்சாணிக்கு வள்ளுவர் ஒரு குறள் ஒதுக்கினார் (667). பிணைச்சலுக்கு அரைக் குறளும் இல்லை. ஆகவே இங்கே ஓர் ஆய்வு இடைவெளி இருக்கிறது. இடைவெளி என்றால் யாருக்கும் தேவைப்படாத இடம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்தான். அப்படி எடுத்தால் நாட்டில் பாதிப் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

ஆய்வுப் பரப்பின் வரலாறு: கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கினர். இதற்கும் எங்கள் குசினிக் கதவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் இலங்கைக் கரையோரம் பற்றிய கட்டுரைக்குள் ஒல்லாந்தர் ஒருமுறை வந்து போகாவிட்டால் அதை ஆய்வென்று எவரும் மதிப்பதில்லை. வந்தார்கள். போய்விட்டார்கள்.

முன்னோர் கூற்றைத் தொகுப்பது மரபு. உராய்வின் விதிகளை லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவை அச்சேறாமல் கிடந்தன. 1699இல் அமொந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றையே மறுபடி கண்டுபிடித்தார். 1781இல் கூலோம் விரிவாக எழுதிப் பரிசு வாங்கினார். 1966இல் பிரித்தானிய அரசுக்கு ஜோஸ்ட் குழு ஓர் அறிக்கை கொடுத்தது: உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் நாட்டுக்கு ஆண்டுக்கு 51 கோடி 50 லட்சம் பவுண் மிச்சம் என்று. எங்கள் வீட்டில் இதே கருத்து அதற்கு முன்பே நிலவியது (பாட்டி, 'பூட்டுக்கும் எண்ணெய் விடாத பரம்பரை', வாய்மொழி, தேதியில்லை).

ஆனால் இத்துறையின் மூலநூல் எகிப்தில் இருக்கிறது. ஜெஹுதிஹோதெப் என்ற பிரபுவின் கல்லறையில், சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முந்திய ஓவியம் ஒன்று. பிரமாண்டமான சிலையைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். கட்டையின் முன்விளிம்பில் ஒருவன் நின்று மணலில் எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறான். அறிஞர்கள் நெடுங்காலம் பார்த்துவிட்டு, இது ஒரு தூய்மைச் சடங்கு என்று எழுதினார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலை நனைத்து இழுத்துப் பார்த்தார்கள். அளவாக நனைந்த மணலில் இழுவிசை பாதியாகக் குறைந்தது. வேலை செய்துகொண்டிருந்த மனிதனை இத்தனை காலம் பூசாரியாக்கி வைத்திருந்தார்கள். இன்னும் சில ஆயிரம் ஆண்டு கழித்துத் தலவிலையைத் தோண்டுகிறவர்களுக்கு, வாய் ஒடுங்கிய போத்தலும் அதற்குள் ஒரு கோழி இறகும் அகப்படும். அம்மா பிணைச்சலுக்கு எண்ணெய் தொட்டு வைக்கும் இறகு அது. அகழ்வாய்வு அறிக்கையில் என்ன எழுதுவார்கள் என்று இப்போதே சொல்லலாம்: 'பறவை வழிபாட்டுப் பொருள்'.

இனி ஒலிக்கான காரணம். பிணைச்சலின் குழலுக்குள் ஊசி சுழலும்போது இரண்டு இரும்பும் முழுப்பரப்பிலும் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. அந்த மேடுகள் ஒன்றையொன்று பிடிக்கும், கதவைத் தள்ளத் தள்ள விசை ஏறும், பிடி விடும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். இது நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் காதுக்குச் சத்தமாகக் கேட்கிறது. வயலின் வில்லும் தந்தியும் செய்வது இதையேதான். அதற்குச் சபா, டிக்கெட் எல்லாம் உண்டு. தலவிலையில் இதனோடு உப்பும் சேர்கிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் கடல் தூவானம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைக் கறளாக்கும். கறளுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், குழலுக்குள்ளோ இடம் இல்லை. ஊசி இறுகுகிறது. கதவு கத்துகிறது. உப்பு விளையும் மாவட்டத்தில் பிறந்த பிணைச்சல் வேறென்ன செய்யும்?

இது இயற்பியலாளர் விளக்கம். சரியானது. ஆகவே ஆய்வுக்குப் போதாது. தமிழ் மரபில் வைத்துப் பார்த்தால்தான் கருத்தரங்கில் பொன்னாடை கிடைக்கும்.

தலவில நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். பெரும்பொழுது ஆறும் உரியவை. அதாவது கடற்கரையில் இருப்பது அழவேண்டும், ஆண்டு முழுவதும் அழவேண்டும் என்பது இலக்கணம். எங்கள் கதவுகள் அதிலிருந்து அணுவளவும் வழுவியதில்லை. சிறுபொழுது எற்பாடு. அது காலையா, மாலையா என்று உரைகாரர்களிடையே நெடிய வழக்கு ஒன்று உண்டு. கதவைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். விடியற்காலையில் வள்ளத்துக்குப் போகத் திறக்கும்போதும் கிறீச்சிடுகிறது, பொழுது சாய்ந்து திரும்பும்போதும் கிறீச்சிடுகிறது. இருசாராரும் வென்றார்கள், சண்டை முடிந்தது. முடிந்தால் அவர்களுக்கு வேலையில்லை என்பதால் இம்முடிவை ஏற்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

தலைமக்களைப் பார்ப்போம். கதவு வெளியே போவதும் வருவதுமாக இருக்கிறது; அது தலைவன். நிலை அசையாமல் நின்று காத்திருக்கிறது, அது தலைவி. இருவரோடும் ஒட்டி, இருவர் பாரத்தையும் தாங்கி, தலைவி சொல்லாததையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லும் பிணைச்சல் யார்? தோழி. எனவே கிறீச்சொலி தோழி கூற்று என்ப. (யார் என்ப என்று கேட்கக் கூடாது. தொல்காப்பியரையே அப்படி எவரும் கேட்டதில்லை.) மேற்பிணைச்சல் ஒன்று, கீழ்ப்பிணைச்சல் ஒன்று ஆக இரண்டு குரல் வருமே எனில், கீழ்க்குரல் செவிலித்தாய். வாடைக்கால மழையில் பலகை ஊதிக் கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுப்பது வாயில் மறுத்தல். அது மருதத்துக்கு உரியது, நெய்தலில் வந்தது திணைமயக்கம். இதற்கு மாறாகப் பெரிய மாமா, திறக்காத கதவு பாலைக்குரியது, ஏனெனில் வெளியே நிற்கிறவன் நிலை பாலைதான் என்பார் (பெரிய மாமா, 'கிறீச்சொலி விளக்கம்', கள்ளுக்கு முந்திய பதிப்பு, கள்ளுக்குப் பிந்திய பதிப்பில் இக்கருத்து கைவிடப்பட்டு, கதவே இல்லை என்ற புதுக்கொள்கை முன்வைக்கப்பட்டுள்ளது, மறுப்புக்குக் காண்க: மாமி, 'கண்டன உரைகள்', நள்ளிரவுத் தொகுதி, உள்ளேயிருந்து நிகழ்த்தியது, இரண்டையும் ஒப்பிட்டு, பக்கத்து வீட்டார், 'செவிவழிக் குறிப்புகள்', மதில் மேலிருந்து, முழுவதும்).

படலைக் கதவு, யன்னல் கதவு, அலுமாரிக் கதவு ஆகியவற்றை விரிவஞ்சி விடுத்தேன். கோழிக்கூட்டுக் கதவும் கிறீச்சிடும். கோழிகள் ஆட்சேபித்ததில்லை.

மசகுப் பொருள்கள் பற்றிக் கருத்து வேறுபாடு கடுமையானது. தென்னை விளையும் ஊரில் தேங்காய் எண்ணெய்தான் முதல் மருந்து. சுமார் 24 பாகையில் உறையும் பொருள் அது. நுவரெலியாவில் போத்தலைக் கவிழ்த்தாலும் வராது. தலவிலையில் உறைந்ததைக் கண்டவர் இல்லை. மீன் பொரித்த எண்ணெயை விடலாமா என்ற கேள்விக்கு எங்கள் பூனை விடை சொன்னது: இரண்டு நாள் பிணைச்சலை விட்டு நகரவில்லை. நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகும். ஹாட்வெயார் கடையில் நீலமும் மஞ்சளுமாய் இருக்கும் டப்பா, டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவில் பிறந்தது. நீரை விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதால் அந்த எண். கறளை இளக்குவதில் கெட்டிக்காரன். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிப் போகிறவன், தங்குகிறவன் அல்லன். தையல் மெஷின் எண்ணெயும், ஊசியைக் கழற்றிப் பூசும் கிறீசும் தங்கும். தலவிலைக்கே உரிய மருந்து இன்னொன்று உண்டு: அன்னம்மாள் திருவிழா முடிந்தபின் மிஞ்சும் மெழுகுதிரித் துண்டு. ஊசியில் தேய்த்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆசீர்வதித்த திரியைப் பிணைச்சலில் தேய்ப்பது தகுமா என்று வீட்டில் ஒரு பிரிவினை எழுந்தது. இயேசுவுக்கே பாட்டி முறையான அன்னம்மாள், வீட்டுக் கதவுச் சங்கடத்தைப் புரிந்துகொள்வார் என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார்.

எண்ணெய் எதிர்ப்புக் கட்சி ஒன்றும் இருக்கிறது, அலட்சியப்படுத்த முடியாது. கியோத்தோவில் 1603இல் எழுந்த நிஜோ கோட்டையின் நடைபாதைப் பலகைகள் மிதித்தால் குருவி போலக் கத்தும். பகைவன் வருவதை அறியவே அப்படிச் செய்தார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அம்மாவின் கொள்கையும் அதுவே. முன்கதவு கத்தினால்தான் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று படுத்தபடியே தெரியும். எனவே தம்பி ஒரு நாள் தானாக முன்வந்து முன்கதவுக்கு மட்டும் எண்ணெய் விட்டபோது, வீட்டில் எவரும் அதைச் சேவை என்று நம்பவில்லை.

எஞ்சியிருப்பது ஆனந்தம். இதற்கு 'வீண்திறப்பு' என்ற கலைச்சொல்லை முன்மொழிகிறேன். ஊசித் தலையில் எண்ணெய் இறங்கியதும் ஆய்வாளர் கதவைத் திறக்கிறார், மூடுகிறார். போக வேண்டிய இடம் ஏதும் இல்லை. மறுபடி திறக்கிறார். முதலில் சத்தம் மெலிந்து முனகலாகிறது, பிறகு அதுவும் இல்லை. கறுப்பாய் ஒரு கறள்சாறு ஊசி வழியே வழிகிறது. அதைப் பார்ப்பதிலும் ஒரு சுகம். வள்ளத்து இயந்திரத்தைத் திருத்தினாலும் அடுத்த பழுது காத்திருக்கும், கடன் கட்டினாலும் வட்டி மிஞ்சும், ஆய்வேடு எழுதினாலும் மேற்பார்வையாளர் மிஞ்சுவார். இது ஒன்றுதான் தொடங்கிய கையோடு முடிகிற வேலை. அதனால் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

"அம்மா, இந்தக் கதவைத் திறந்து பாருங்க."

"ஏன்?"

"சும்மா பாருங்க."

"திறந்துதானே கிடக்குது!"

மௌனத்துக்குச் சாட்சி கிடைப்பது அரிது. இத்துறை வளராமல் போனதற்கு உண்மையான காரணம் அதுதான். கத்துகிற கதவைப் பற்றித்தான் மேற்கோள் காட்ட முடியும்.

இக்கட்டுரையை மறுத்து எழுத விரும்பும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேனாவை எடுக்குமுன் எழுதும் அறையின் கதவை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கத்தினால் ஊசியைச் சற்றே மேலே தட்டி, இரண்டு துளி விட்டு, ஏழெட்டுத் தடவை ஆட்டுங்கள். வழிந்ததைப் பழந்துணியால் துடைத்துவிடுங்கள். துணி இல்லையென்றால் இந்தத் தாளே போதும்.