சித்திரகுப்தனை வென்ற குமாஸ்தா

பிரிட்டிஷ் பேரரசைக் கொடுங்கோல் என்று ஏசுகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டை உருவிய ஏழைப் பையனைக்கூட மறக்காமல், ஏழு வருடம் கடல் கடந்து தங்க இடம் கொடுத்து, அவன் வரலாற்றையும் எழுதிவைத்த அரசு வேறு எங்கே உண்டு?

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேரை அது ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. கைதி தாஸ்மேனியாவுக்கு வந்து சேர்ந்தால் குமாஸ்தா பேரேட்டோடு தயாராக இருப்பார். உயரத்தைக் கால் அங்குலம் பிசகாமல் குறிப்பார். கண்ணின் நிறம், மூக்கின் வாகு, நெற்றித் தழும்பு, கையில் பச்சை குத்திய எழுத்து, எதையும் விடமாட்டார். சித்திரகுப்தன் பாவ புண்ணியம் எழுதுவதோடு சரி, மூக்கைப் பார்த்தானா? தப்பியவனைப் பிடிக்கத்தான் இந்த அங்க அடையாளம் என்பார்கள் பொல்லாதவர்கள். பிள்ளை தொலைந்துவிடக் கூடாதே என்ற தாய்ப்பாசம் அவர்களுக்கு எங்கே புரியும்!

நடத்தைப் பதிவேடு இன்னும் அழகு. குடித்தான், எஜமானை எதிர்த்துப் பேசினான், வேலைக்கு வரவில்லை என்று தேதிவாரியாகக் குற்றம். பக்கத்திலேயே எத்தனை கசையடி என்ற கணக்கு. வலித்ததா என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. அரசாங்கத் தாளை வீணாக்கலாமா?

சிக்கனம் கப்பலிலும் உண்டு. 1790இல் சிட்னிக்கு வந்த இரண்டாம் கப்பல் தொகுதியில், ஒப்பந்தக்காரருக்குக் கூலி ஏற்றிய தலைக்குத்தான். உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. கைதிகளில் சுமார் கால்வாசிப் பேர் வழியிலேயே இறந்தார்கள். ஆனாலும் பேசிய பேச்சு தவறாத நேர்மையைப் பாருங்கள்: இறந்தவனுக்கும் கட்டணம் உண்டு.

கைக்குட்டைக்கு இத்தனை கணக்கு எழுதிய கை, ஒரு கண்டத்தையே எடுத்துக்கொண்டபோது பற்றுச்சீட்டு எழுதவில்லை என்று குறை சொல்வார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் இருந்தும், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று தீர்மானித்துவிட்ட பிறகு யார் பெயரில் எழுதுவது? பெரிய மனிதர்கள் சில்லறையில்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

குடும்பத்தில் கைதி இருந்ததை மறைத்த தலைமுறைகள் போய்விட்டன. 2007இல் யுனெஸ்கோ இந்த ஆவணங்களை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. இன்று ஒரு பேத்தி கணினியில் பெயரைத் தட்டினால் போதும், கொள்ளுத்தாத்தாவின் தாத்தா வந்து நிற்பார்: ஐந்தடி நான்கேகால் அங்குலம், பழுப்புக் கண், இடது கையில் பச்சை குத்திய இரண்டு எழுத்து.

அந்த இரண்டு எழுத்து மனைவியின் பெயரா, மகளின் பெயரா? குமாஸ்தா எழுத்தை மட்டும் பிழையில்லாமல் பதிந்திருப்பார். யாருடையது என்று கேட்டிருக்க மாட்டார். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடாத நாகரிகம் அது.