பூஸ்டை எங்க வைக்கறது, கண்ணு?

ஏண்டா கண்ணு, நேத்து மாரியம்மன் நோம்பி மேடையில நீ கிட்டார்ல சோலோ வாசிச்சயாமா? எனக்குக் கேக்கல. மொத வரிசையிலதான் உக்காந்திருந்தேன். கீபோர்டு கேட்டுச்சு, ரிதம் பேடு கேட்டுச்சு, ஓரமா நின்ன பொரிக்கடைக்காரன் கரண்டியில சட்டியத் தட்டறதுகூடக் கேட்டுச்சு. நீ மட்டும் கண்ண மூடி, கழுத்தச் சாச்சு, காலால எதையோ ஒரு மிதி மிதிச்ச. மிதிச்சதும், இருந்த சத்தமும் போய்க் கம்பளிக்குள்ள பூந்துக்கிச்சு.

பூஸ்ட் பெடல் சரியில்லீன்னு உங்கம்மாகிட்டப் பொலம்புனயாமா. வேற வாங்கோணுமாக்கும்? ஒரு கெடேரிக்கன்னு வெலையில கால்ல மிதிக்கற டப்பா வாங்கற வம்சமாடா நாம?

அப்புச்சிக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. ராசிபுரத்துல இருந்து மோகனூர் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, எழவுன்னு மைக் செட்டு கட்டுனவன் நானு. எந்தச் சத்தத்த எங்க ஏத்தோணும்னு கொஞ்சம் தெரியும்.

உன் பெடல் பலகையப் பாத்தேன். கிட்டார்ல இருந்து ஒயரு நேரா பூஸ்டுக்கு, அப்பறம் ஓவர்டிரைவ், அதுக்கப்பறம் டிலே. அங்க வச்சா அது சத்தத்தக் கூட்டாது. ஓவர்டிரைவுக்குள்ள ஒரு மட்டம் இருக்குது. அலையோட தலை அந்த மட்டத்தத் தொட்டா வெட்டுப்படும். அந்த வெட்டுதான் உனக்குப் புடிச்ச கரகரப்பு. முன்னால நின்னு இன்னும் தள்ளுனா இன்னும் வெட்டுப்படும், வெளிய வர்ற ஒசரம் கிட்டத்தட்ட அதேதான். மேல்தொட்டி ரொம்பி வழியறப்ப இன்னொரு மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்துனா குழாயில வேகம் கூடுமாடா? வழியறதுதான் கூடும், உங்கம்மாயி வையறதும் கூடும். குழாயில வேகம் வேணும்னா பிரஷர் பம்பத் தொட்டிக்குப் பின்னால மாட்டோணும்.

அதுக்காவ முன்னால வைக்கறவனெல்லாம் கேனையன்னு நெனச்சுப்போடாத. 1960கள்ல லண்டன்ல டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர்னு ஒரு டப்பா வந்துச்சு. உள்ள ஓசி44னு ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அத ஆம்ப்ளிஃபயர் முன்னாடி போட்டு, ஆம்ப்பையே கதறவச்சாரு ரோரி காலகர். குவீன் குழுவுல பிரையன் மேன்னு ஒருத்தரு. அப்பனும் மவனுமாச் சேந்து பழைய கணப்படுப்புச் சட்டத்து மரத்துல கழுத்து வச்சுக் கிட்டார் செஞ்சவங்க. மீட்டறதுக்கு ஆறு பென்ஸ் காசு. டிரெபிள் பூஸ்டர முன்னால வச்சு வாக்ஸ் ஏசி30ய முறுக்கி உட்டுட்டு, கிட்டார்ல இருக்கற குமிழக் கொறச்சாத் தெளிவு, கூட்டுனாக் கரகரப்புன்னு வெரல்லயே வேலைய முடிச்சுப்போடுவாரு. வானத்து ஆராய்ச்சியில 2007ல டாக்டர் பட்டமும் வாங்குனாரு. நீ அரியர் பேப்பரு எழுதிட்டயா?

அவங்களுக்குக் கரகரப்பு வேணும், முன்னால வச்சாங்க. நீ கேக்கறது ஒசரம். ஓவர்டிரைவுக்கு அடுத்தாப்ல, டிலேக்கு முன்னால வை. கடைசியில, டிலேயும் ரிவெர்பும் தாண்டிப் போட்டாலும் சத்தம் ஏறும். ஆனா நீ மிதிக்கறப்ப முன்னாடி வாசிச்சதோட எதிரொலியும் சேந்து துள்ளி எந்திரிக்கும். பழைய ஜெர்மேனியம் ஃபஸ் ஏதாச்சும் வச்சிருந்தயின்னா அதக் கிட்டாருக்கு நேராக் கட்டு. எடையில பூஸ்டு நொழைஞ்சா அதுக்குப் புடிக்காது, கீச்சுன்னு கத்தும்.

பூஸ்டுல இருக்கற குமிழ எவ்வளவு திருப்புவ? முழுசுமா? அதானே பாத்தேன். எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப்னு ஒண்ணு இருக்குது, 26 டெசிபல் வரைக்கும் ஏத்தும். வோல்டேஜ்ல அது இருவது மடங்கு. உனக்கு மூணுல இருந்து ஆறு டெசிபல் தாராளம். ஆறுன்னாலே வோல்டேஜ் ரெண்டு மடங்காயிரும். மேல ஏத்துனயின்னா முன்னால இருக்கற இரைச்சலும் ஏறும். சீரியல் செட்டு, ஜெனரேட்டர் பக்கத்துல உன் சிங்கிள் காயில் கிட்டார் போடற ஹம்மு தனிக் கச்சேரி.

இன்னொண்ணு. வீட்டுல தனியா வாசிக்கறப்ப எடுப்பா இருக்குதுன்னு நடு ஸ்தாயியச் சொரண்டி எடுத்து வச்சிருக்கற பாரு, மொதல்ல அதத் திருப்பி ஏத்து. பேஸ் கிட்டார் கீழ, சிம்பல் மேல, கிட்டாருக்குன்னு உட்ட எடமே நடுவுலதான். அதையும் கீபோர்டுக்காரனுக்குத் தானம் பண்ணிப்போட்டு, சோலோ கேக்கலீன்னு அழுதா?

ஆம்ப்பே கரகரன்னு வாசிக்கறாப்ல இருந்தா நான் சொன்னது பலிக்காது, அங்க ஆம்ப்போட முன்பாகந்தான் ரொம்பி வழியுது. முதுகுப்பக்கம் சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஓட்டை இருந்தா பூஸ்ட அங்க மாட்டு. ஓட்டை இல்லாட்டி ஆம்ப்பக் கொஞ்சம் தெளிவா வச்சுக்க.

ஆடியில சேலத்துல, கோட்டை மாரியம்மன் நோம்பி நேரத்துல ஒரு புரோகிராம் ஒத்துக்கிட்டயாமா. அங்க ஆம்ப்பே இருக்காது, உன் ஒயரு டிஐ பாக்ஸ் வழியா மிக்சருக்குப் போயிரும். நீ பூஸ்ட மிதிச்சதும் மிக்சர்காரரு திடுக்குன்னு ஃபேடரக் கீழ இழுப்பாரு. அப்பறம் பெடலு எங்க இருந்தா என்ன? அதனால சவுண்டு செக்குல பூஸ்டோட ஒருக்கா, பூஸ்டில்லாம ஒருக்கா வாசிச்சுக் காட்டிப்போடு. சோலோ எந்தப் பாட்டுல வருதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடு. கூடவே டீயும் போண்டாவும் வாங்கிக் குடு. சோலோ வர்றப்ப அவரே ஃபேடர நோகாம மேல தள்ளி உடுவாரு. நீ மவராசனாக் கண்ண மூடிக்கிட்டு, பெடலு இப்பத்தான் சரியாச்சுன்னு சொல்லிக்கலாம்.