டாக்டரும் இல்ல, வெறும் நர்சும் இல்ல

இங்க வா கண்ணு, சித்த உக்காரு. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சாச்சு, ஐ.சி.யூ.வுல ராத்திரி டூட்டியும் பாத்தாச்சு. இனிச் சம்பளம் வாங்கிப் பவுனு சேத்துவேன்னு உன்ற அம்மா கணக்குப் போட்டுட்டு இருக்கறா. நீ என்னடான்னா இன்னும் ரெண்டு வருசம் படிக்கறேன்ங்கற. நர்ஸ் பிராக்டிஷனராம்! அந்தப் பேரு வாயில நொழையறதுக்கே அப்புச்சிக்கு ரெண்டு வெத்தலை செலவாகிப் போச்சு.

கல்யாண ஊட்டுல ஒறம்பரை கேப்பாங்க, "பொண்ணு என்ன பண்றா?"ன்னு. டாக்டர் இல்லீங்க, வெறும் நர்சும் இல்லீங்கன்னு நான் இழுப்பேன். "ரெண்டும் இல்லாததுக்கு எதுக்குங்க படிப்பு?"ம்பான் ஒருத்தன். அவனுக்குன்னே ஒரு நாயம் வெச்சிருக்கறேன். அமெரிக்காவுல கொலராடோன்னு மலைச்சீமை. அங்க பட்டிக்காட்டுக் கொழந்தைக்கு டாக்டர் கெடைக்கறது குதிரைக்கொம்பு. லொரெட்டா ஃபோர்டுன்னு ஒரு நர்சம்மாவும், ஹென்றி சில்வர்னு ஒரு கொழந்தை டாக்டரும் சேந்து, கொழந்தையைச் சோதிச்சுப் பாத்து வைத்தியம் சொல்ற அளவுக்கு நர்சுகளைத் தயார் பண்ண 1965-ல ஆரமிச்சாங்க. அப்படிப் பொறந்ததுதான் இந்த நர்ஸ் பிராக்டிஷனர். டாக்டருங்க முணுமுணுத்தாங்க. நர்சிங் வாத்தியாருகளும் முணுமுணுத்தாங்க. முணுமுணுத்தவங்க பேரு ஒண்ணும் எனக்குத் தெரியல. ஃபோர்டம்மா 104 வயசு இருந்துட்டு 2025-லதான் போச்சு.

இன்னைக்கு அமெரிக்காவுல பாதி மாநிலத்துக்கு மேல, டாக்டர் கையெழுத்தே இல்லாம நர்ஸ் பிராக்டிஷனருங்களே மருந்துச்சீட்டு எழுதறாங்க. அதுக்குள்ள மூக்கை ஒசத்தாத. நம்மூருல நர்சிங் கவுன்சில் கொண்டாந்த கிரிட்டிகல் கேர் படிப்புல, ஆஸ்பத்திரி எழுதி வெச்ச புரோட்டோகாலுக்குள்ளதான் உன்ற மருந்தும் டெஸ்டும். நோவு ஒடம்புக்குள்ள பூந்து என்ன பண்ணுது, மருந்து எப்படி வேலை செய்யுது, தலையில இருந்து கால்வரைக்கும் ஆளை எப்படிச் சோதிக்கறதுன்னு பாடம் நடக்கும். மிச்சப் படிப்பெல்லாம் கட்டிலோரம்தான்.

கட்டிலோரம்னதும் ஞாவகம் வருது. உன்ற அமுச்சியை ஐ.சி.யூ.வுல போட்டிருந்தப்ப நான் கண்ணாடிக்கு இக்கட்ட நின்னு பாத்தேன். வென்டிலேட்டர் கத்துச்சு. ஒரு சின்னப் புள்ள ஓடியாந்து, பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திட்டுத் திரையவே பாத்துட்டு நின்னுச்சு. அப்பறம் பெரிய நர்சம்மா வந்துச்சு. மிசினைத் திரும்பிக்கூடப் பாக்கல. நெஞ்சு ரெண்டு பக்கமும் ஏறுதான்னு பாத்துச்சு, ஸ்டெத்தை வெச்சுச்சு, வாயோரத்துல குழாயைத் தொட்டுச்சு. பாத்தா, கிழவி குழாயைப் பல்லுல கடிச்சுட்டுக் கெடக்கறா! இத்தனை வருசம் என்னையக் கடிச்சது பத்தலையாட்ட இருக்குது. அந்தம்மா நிதானம் உனக்கு வருமுன்னா ரெண்டு வருசம் படி, நான் வேண்டாங்கல. கோட்டு மேல பேரு பெருசாத் தெரியோணும்னுதான் படிக்கறயின்னா, தையக்காரன்கிட்டச் சொன்னா நாளைக்கே தெச்சுத் தந்துருவான்.

இன்னொண்ணு. சேர்றதுக்கு முன்னாலயே கேளு: முடிச்சு வந்தா என்ன போஸ்டு, என்ன சம்பளம்? "அதெல்லாம் பாத்துக்கலாம்மா"ன்னு சிரிச்சாங்கன்னா, பழைய ஸ்டாஃப் நர்ஸ் சம்பளத்துலயே புது வேலையையும் தலையில கட்டப் போறாங்கன்னு வெச்சுக்கோ. வெலை பேசாம மஞ்சளை வண்டியேத்திட்டு ஈரோட்டு மண்டியில முழிச்சவனை நான் பாத்திருக்கறேன். ஆருன்னு கேக்காத, உன்ற மாமனுக்குக் கோவம் வரும்.

ராத்திரி மூணு மணிக்கு டாக்டரை எழுப்பறதா வேண்டாமான்னு ரோசனை வந்தா எழுப்பிப் போடு. திட்டுனா திட்டட்டும். திட்டு வாங்கிச் செத்தவங்க ஆரும் நம்மூருல இல்ல.

சரி, அது கெடக்குது. படிச்சு வந்ததும் இந்தச் சக்கரை மாத்திரையில ஒண்ணைக் கொறச்சு எழுதிக் குடு கண்ணு. என்னது, புரோட்டோகால்ல எடமில்லையா? அப்பத் தீவாளி அதிரசம் எத்தனைன்னாவது அதுல ஒரு வரி சேத்தச் சொல்லு.