ஒரு பாயிண்ட், ஒரு கட்டைவிரல்

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் விளம்பரப் புத்தகத்தில் நீச்சல்குளம், ஜிம், பாஸ்கெட்பால் கோர்ட் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். நீச்சல்குளம் மழைக்காலத்தில் தெருவுக்கே வந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல முடியாது. பாஸ்கெட்பால் கோர்ட் என்பது விசிட்டர் பார்க்கிங் மூலையில் நட்ட ஒரு கம்பம், உச்சியில் ஒரு ரிங். வலை கிடையாது. ரிங்குக்கு நேர் கீழே மூன்றாவது மாடிக்காரரின் கார் நிற்கும். யாராவது பந்தோடு வந்தால் அவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து இருமுவார்.

பில்டரைத் திட்டியும் பயனில்லை. முழு கோர்ட் 28க்கு 15 மீட்டர். சதுர அடியில் 4,520 வரும். அதாவது இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. வேளச்சேரியில் இரண்டு கிரவுண்டு கையில் இருக்கிறவன் அதில் பந்தா தட்டிக்கொண்டிருப்பான்?

அந்தக் கம்பத்தடியில்தான் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை கூடும். சோடா, கணக்கு, டிரம்ஸ், நான். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் அழகில்லைதான். கல்லூரியில் ஒட்டிய பெயர், கெஜட்டில் போட்டாலும் போகாது. பேச்சு ஒரே விஷயம்: 1998-99 சீசன். அதிலும் அந்த ஃபைனல். அதிலும் கடைசி இரண்டு செகண்ட்.

நாங்கள் யாரும் ஆடியவர்கள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குள் ஐந்து பேர், பெஞ்சில் ஐந்து பேர், வெளியே நாங்கள். கண்ணாடியைக் கழற்றினால் சோடாவுக்கு ரிங்கும் நிலாவும் ஒன்று. டிரம்ஸ், ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து சாம்பார் அண்டாவைக் கடத்திவந்து தட்டுவான். அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் சாம்பார் தாமதமானால் டீம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். கணக்கின் வேலைதான் நுட்பமானது. எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ போடும்போது பேக்போர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவனுடைய அரியர்ஸைப் பேப்பர் பேப்பராகச் சத்தம்போட்டு வாசிப்பான். எந்த செமஸ்டர், எத்தனை மார்க்கில் போச்சு என்பது வரை சரியாக இருக்கும். எங்கிருந்து திரட்டினான் என்று இன்றுவரை சொன்னதில்லை. இப்போது அவன் ஒரு வங்கியில் கடன் வசூல் பிரிவில் நல்ல நிலையில் இருக்கிறான். நான் பந்து துடைக்கும் துண்டுக்குப் பொறுப்பு.

ஒரு காலத்தில் எங்களோடு பெரிய கூட்டமே இருந்தது. 1998 தீபாவளிக்கு ‘குச் குச் ஹோத்தா ஹை’ வந்தது. ஷாருக்கானும் கஜோலும் பாஸ்கெட்பால் ஆடியே காதல் வளர்த்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே எங்கள் கோர்ட்டைச் சுற்றி ஜனம் மொய்த்தது. கஜோலை எதிர்பார்த்து வந்தவர்கள், வியர்த்து நாறிய பத்துப் பையன்களைப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்குள் கலைந்தார்கள். எங்கள் நாலு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

டீமுக்கும் பெரிய பேர் ஒன்றுமில்லை. அந்த வருஷம் லயோலாவில் நடக்கும் பெர்ட்ராம் போட்டியில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியாயிற்று. அதற்கு மேல் யார் நம்புவார்கள்? பி.டி. சார் ஒருவர்தான். அவர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அந்தப் பெருமையை விசிலோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். அவர் சொல்லும் வம்சாவளி இது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற வாத்தியார், குளிரில் வெளியே போக முடியாத முரட்டுப் பையன்களை அடக்குவதற்காகப் பீச் பழக் கூடைகள் இரண்டைப் பால்கனியில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், கப்பலேறிச் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கினார். பக்கிடம் படித்தவர் எங்கள் சாருடைய சாருக்கு சார். “ஆக, நைஸ்மித்துக்கு நான் என்ன முறை ஆகணும், சொல்லு பார்ப்போம்?” என்று நடுவெயிலில் கேட்பார். கொள்ளுப்பேரன் என்று சொன்னவனுக்கு ஒரு ரவுண்டு ஓட்டம் குறையும்.

எங்கள் பாயிண்ட் கார்டு ‘எலி’ வேளச்சேரிப் பையன். ஐந்தடி நாலங்குலம். ரிங் பத்தடி உயரத்தில் இருக்கிற விளையாட்டில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களின் கால்களுக்கிடையே புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவான். அப்போது வேளச்சேரி என்றால் எங்களுக்கு வெளியூர். பறக்கும் ரயில் மயிலாப்பூரோடு நின்றுவிடும். இங்கே வந்து சேர்ந்தது 2007இல்தான். எலி தினமும் பிராக்டிஸ் முடிவதற்கு முன்பே “பஸ் போயிடும் சார்” என்று பையைத் தூக்குவான். போட்டிகளிலும் அதே அவசரம்தான். அவனுடைய வேகத்துக்குக் காரணம் பயிற்சி இல்லை, கடைசி பஸ் என்பது கணக்கின் கண்டுபிடிப்பு.

பெர்ட்ராமுக்குப் பிறகு என்னவோ நடந்தது. ஒவ்வொரு போட்டியாக ஜெயித்துக்கொண்டே போனார்கள். வருஷக் கடைசியில் ஒரு இன்டர்-காலேஜியேட் ஃபைனல். திறந்தவெளி சிமென்ட் கோர்ட், முன்தினம் பெய்த தப்பு மழை, பாதிக் கோர்ட்டில் ஈரம். ஹாஸ்டல் பெட்ஷீட்டுகள் நாலு தியாகமாயின. கடைசியில் இரண்டு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், இரண்டு செகண்ட் பாக்கி. எலியை ஒருவன் இடித்துத் தள்ள, இரண்டு ஃப்ரீ த்ரோ. நான் பந்தைத் துடைத்துக் கொடுக்கிறேன். முதலாவது உள்ளே. ஒரு பாயிண்ட் வித்தியாசம். இரண்டாவது ரிங்கின் உள்விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே வந்துவிட்டது. எங்கள் சென்டர் ‘ஒட்டகம்’ கையை நீட்டிப் பிடித்து அப்படியே திருப்பிப் போட்டான். பந்து உள்ளே, டிரம்ஸ் அண்டாவோடு கோர்ட்டுக்குள்ளே! அப்புறம்தான் ரெஃப்ரி கையைக் குறுக்கே ஆட்டுவது தெரிந்தது. நேரம் முடிந்துவிட்டதாம். கூடை செல்லாதாம்.

இங்கேதான் அந்தக் கட்டைவிரல் வருகிறது. மேசையில் உட்கார்ந்திருந்த டைம்கீப்பர் கையில் ஸ்டாப்வாட்ச். சட்டப்படி, கடைசி ஃப்ரீ த்ரோ தவறினால், கோர்ட்டுக்குள் இருக்கும் ஆட்டக்காரன் எவனாவது பந்தைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடவேண்டும். பந்து ரிங்கில் பட்டதுமே அந்த மனிதர் அமுக்கிவிட்டார் என்பது எங்கள் தரப்பு. பந்து ரிங்கைச் சுற்றிய நேரம் முழுக்க எங்கள் கணக்கில் கழிந்துவிட்டது. கட்டைவிரலை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சோடா சத்தியம் செய்வான். சோடாவின் கண்ணை வைத்து எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நிற்காது என்பதால் நாங்கள் அதை வற்புறுத்துவதில்லை.

பி.டி. சார் கத்தவில்லை. எல்லாரையும் உட்காரவைத்து, “டேய், நைஸ்மித் நடத்தின முதல் மேட்சே ஒன்னுக்கு ஜீரோதான்டா. இந்த விளையாட்டே ஒத்தைப் பாயிண்ட்லதான் பொறந்தது” என்றார். உண்மைதான், அன்றைக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் விழுந்தது ஒரே ஒரு கூடை. அந்த ஆறுதலுக்கு ஒட்டகம் இன்னும் பலமாக அழுதான்.

அன்று எலி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டான். யாரோ பிடித்துவந்த டெம்போவில் எல்லாரும் அவனைக் கொண்டுபோய் விட்டோம். ஏரியை ஒட்டிய வீடு, தவளைச் சத்தம், வழியெல்லாம் காலி மனை. “இங்க யாருடா வந்து இடம் வாங்குவான்?” என்று டிரம்ஸ் சிரித்தான். இப்போது அவனுக்கு இங்கே இரண்டு படுக்கையறை, இருபது வருஷ ஈ.எம்.ஐ. எலியின் அம்மா, மீந்த சாதத்தில் வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்து எல்லார் கையிலும் உருண்டை வைத்தார். “ஒரு பாயிண்ட்ல போச்சும்மா” என்றான் எலி. “ஒரு பாயிண்டுதானே, அவங்ககிட்ட எத்தனையோ இருக்கும், ஒன்னு குடுத்தாதான் என்னவாம்?” என்றார் அம்மா. அதற்கு மேல் அந்த மேட்சைப் பற்றி யாரும் சரியாகச் சொன்னதில்லை.

ஸ்கோர் என்னவென்று மட்டும் கேட்காதீர்கள். சோடா 61-60 என்பான், டிரம்ஸ் 71-70 என்பான். கல்லூரி ஆண்டுமலரில் ‘ரன்னர்ஸ்’ என்று அரை வரி. பக்கத்தில் பிரின்சிபால் மரக்கன்று நடும் படம். டிரம்ஸ் வர்ணனையை ஆரம்பித்தால் பத்தடி தள்ளிப் போய்விடுவது நல்லது. ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு, “நாலாவது குவார்ட்டர்லதான் மச்சி எனக்கு நம்பிக்கையே வந்தது!” என்று கத்தினான். மாடியிலிருந்து அவன் மனைவி, “நாலாவதா? கீழ என்னங்க நடக்குது?” என்றார். கணக்கு அண்ணியைச் சமாதானப்படுத்தாமல் இவன்மேல் பாய்ந்தான். “அப்ப ஏதுடா குவார்ட்டர்? இருபது இருபது நிமிஷமா ரெண்டு பாதி. நாலு குவார்ட்டர் வந்ததே 2000க்கு அப்புறம்தான்!” சட்டம் கணக்கின் பக்கம்தான். ஆனால் நாலாவது குவார்ட்டர் நடந்ததை டிரம்ஸ் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறானே, என்ன செய்ய?

கடைசி இரண்டு செகண்டை எப்படி இத்தனை வருஷம் பேசுகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வேளச்சேரியில் வளர்ந்த பிள்ளைகள் கேட்கிற கேள்வியா இது? இங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் ரயில் பாதை. 2008இல் வேலை ஆரம்பித்தது. ஆதம்பாக்கத்தில் கடைசி 500 மீட்டர் நில வழக்கில் மாட்டி, பத்து வருஷத்துக்கு மேல் பாலம் அந்தரத்தில் நின்றது. முடிகிற இடத்தில்தான் எதுவும் இழுக்கும்.

எங்களைவிட முற்றியவர்களும் உலகத்தில் உண்டு. சோடா அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலை விடியற்காலையில் எழுந்து பார்ப்பவன். 2018இல் சிகாகோ லயோலா என்ற டீம் கிளம்பியது. நம்ம லயோலா மாதிரியே சேசு சபைக் கல்லூரிதான் என்பதால் சோடா உடனே சொந்தம் கொண்டாடிவிட்டான். பெர்ட்ராமில் வெளியேற்றிய பாவத்துக்கு அந்தப் பெயர் எங்களுக்குச் செய்யும் பரிகாரம் என்றான். 64-62, 63-62, 69-68 என்று முதல் மூன்று ஆட்டமும் மூச்சு முட்ட ஜெயித்து, கடைசி நாலு டீம்களில் ஒன்றாகி, மிச்சிகனிடம் தோற்றார்கள். அந்த டீமுக்கு ஜெபம் சொன்னவர் சிஸ்டர் ஜீன். அப்போது வயது 98. சக்கர நாற்காலியில் கோர்ட் ஓரம் உட்கார்ந்திருப்பார். அவர் உருவத்தில் தலையாட்டி பொம்மைகூட விற்றது. தஞ்சாவூர்க்காரர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், யார் யார் ஜெயிப்பார்கள் என்று சிஸ்டர் முன்கூட்டி எழுதிய பட்டியலில் தன் டீமை கடைசி பதினாறோடு நிறுத்தியிருந்தார். ஜெபம் வேறு, ஜோசியம் வேறு என்பதில் அவ்வளவு தெளிவு. 2025இல், 106 வயதில் காலமானார். 2018 கோப்பையை வாங்கியது வில்லனோவா. சோடாவையே கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவான்.

நாங்களும் ஜெயித்த மேட்ச் பார்க்காதவர்கள் இல்லை. 2022 ஏப்ரலில் தேசிய சீனியர் போட்டி சென்னையில், நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. ஆண்கள் ஃபைனலில் தமிழ்நாடு பஞ்சாபை அடித்துக் கோப்பையை வாங்கியது. மரத்தரை, குளிர்காற்று, செகண்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் கடிகாரம், நேரம் முடிந்ததும் பேக்போர்டைச் சுற்றிச் சிவப்பு விளக்கு. கணக்கு மேட்சையே பார்க்கவில்லை. அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, “இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா...” என்று தொடங்கினான். பூங்கா நகர் ஸ்டேஷனில் ஏறி வேளச்சேரியில் இறங்கும் வரை 1999தான். ஜெயித்த மேட்சைப் பற்றிப் பேச்சு திருவல்லிக்கேணிக்குள் தீர்ந்துபோயிருந்தது.

எலி இப்போது மஸ்கட்டில். வீடியோ கால் போட்டால், “டேய், வேற பேச்சே இல்லையா?” என்பான். ஆனால் வைக்க மாட்டான்.

இதற்கிடையில் எங்கள் அசோசியேஷனுக்குப் புது செகரட்டரி வந்தார். லிஃப்ட் பராமரிப்புக் கணக்கைப் பேசப் போன இடத்தில், எந்தக் காலேஜ் சார் என்று எதேச்சையாகக் கேட்டால், அந்த எதிரணிக் கல்லூரி! அதே வருஷம்! நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபைனலைப் பற்றிக் கேட்டோம். அவர் நெற்றியைச் சுருக்கினார். “பாஸ்கெட்பாலா? எங்க காலேஜ்ல டீம் இருந்ததா? ஓ... ஜெயிச்சோமா? பரவாயில்லையே!”

பரவாயில்லையாம். டிரம்ஸ் அந்த மாதம் மெயின்டெனன்ஸ் கட்டவில்லை.

கோபம் ஆறியதும், பாவம், விவரம் தெரியாத மனிதர் என்று சனிக்கிழமை கம்பத்தடிக்குக் கூப்பிட்டோம். முதல் வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பெட்ஷீட் எந்த நிறம் என்று கேட்டார். அதற்கடுத்த வாரம், ஈரக் கோர்ட்டில் எங்கள் ஆட்களுக்கும் வழுக்கியதே என்று ஆட்சேபம் தெரிவித்தார். கூட்டத்தில் தானும் இருந்ததாக ஞாபகம் வருகிறதாம். சோடா அவருக்குக் கட்டைவிரலை மறுபடி ஆதியிலிருந்து விளக்க ஆரம்பித்தான். செகரட்டரி அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

“சும்மா சும்மா அவர் விரலைப் பத்திப் பேசாதீங்க சார்” என்றார் கம்மிய குரலில். “அவர் எங்க பெரியப்பா.”